பாகவதரும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயிலாடுதுறையில் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய தமிழ் சினிமாவின் பாட்டு நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர் பிறந்த ஊர் இது. இந்தப் பக்கத்தில் பழைய பாட்டுக் கச்சேரி எங்கே நடந்தாலும், மூன்றாவது பாட்டு முடிவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கொலை வழக்கை எடுத்துவிடுவார். கோர்ட் வேலை பார்த்தவன் என்பதால் கேள்வி என்னிடம்தான் வரும். கும்பகோணத்தில் கேட்டதையே சீர்காழியிலும் கேட்கிறார்கள், தஞ்சாவூரிலும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே கொடுத்திருக்கிறேன்.

“லட்சுமிகாந்தன் கொலை வழக்குன்னு சொல்றாங்களே, அது என்னங்க? எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

சி.என். லட்சுமிகாந்தன் சென்னையில் சினிமாப் பத்திரிகை நடத்தியவர். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். சில வாரங்களில் போலீஸ் பலரைக் கைது செய்தது. அதில் மூன்று பேர் சினிமாவில் பெரிய ஆட்கள்: பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு.

சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரி வைத்து விசாரணை நடந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை, அதாவது ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனை. உயர்நீதிமன்றத்தில் அப்பீல் தள்ளுபடியானது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அங்கிருந்து வழக்கு மறுபடி சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். வழக்கு இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வளர்ந்த பேச்சு.

“பாகவதர் மாயவரத்துக்காரரா, திருச்சிக்காரரா? ரெண்டு ஊர்க்காரங்களும் எங்க ஆளுன்னு சொல்றாங்க.”

இரண்டும் சரி. பிறந்தது மாயவரத்தில் (மயிலாடுதுறையின் பழைய பெயர்), பொற்கொல்லர் குடும்பத்தில். வளர்ந்து, பாட்டுக் கற்று, நாடக மேடை ஏறி, பெயர் வாங்கியது திருச்சியில். சமாதியும் திருச்சியில்தான். கிருஷ்ணனின் மனைவி டி.ஏ. மதுரமும் திருச்சிப் பக்கத்துக்காரர் என்பதால் இந்த வழக்கைப் பற்றிய பேச்சு காவிரிக் கரையில் ஒரு குடும்பக் கதை போலவே இறங்கியிருக்கிறது. குடும்பக் கதையில் மிகையும் சேரும், மறைப்பும் சேரும்.

“யாரு அந்த லட்சுமிகாந்தன்? மஞ்சப் பத்திரிகைக்காரன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

‘சினிமா தூது’ என்ற பத்திரிகையை 1943-இல் தொடங்கினார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அசிங்கமாக எழுதுவதுதான் அதன் சரக்கு. எழுதாமல் இருக்கப் பணம் வாங்கினார் என்றும் சொன்னார்கள். மூன்று பெரிய மனிதர்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அந்தப் பத்திரிகையால் அதிகம் அடிபட்டவர்கள் நடிகைகள். கோர்ட்டுக்குப் போனால் இன்னும் நாறும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள்.

அது போர்க்காலம். பத்திரிகை நடத்த அரசாங்க அனுமதி வேண்டும், காகிதத்துக்குக் கட்டுப்பாடு. பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள், சினிமா தூதின் அனுமதி ரத்தானது. லட்சுமிகாந்தன் ஓயவில்லை. ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார். கொலை நடந்தபோது அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

“பாகவதரே கத்தியால குத்தினாரா?”

கிராமங்களில் இதை நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். போலீஸ்கூட அப்படிச் சொல்லவில்லை. குத்தியவர்கள் வேறு ஆட்கள் என்பதே அரசுத் தரப்பின் வழக்கு. பாகவதர், கிருஷ்ணன், நாயுடு ஆகியோர் மேல் இருந்த குற்றச்சாட்டு சதி. அதாவது, ஆள் வைத்துச் செய்யச் சொன்னார்கள், பணம் கொடுத்தார்கள் என்பது.

இந்த வேறுபாடு முக்கியம். கத்திக்குத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி கிடைக்கலாம். மூடிய அறையில் நடந்ததாகச் சொல்லப்படும் பேச்சுக்குச் சாட்சி யார்? அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்தான் சொல்ல வேண்டும். இந்த வழக்கின் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

“ஒண்ணுமில்லாமயா சார் போலீஸ் பிடிக்கும்? நெருப்பில்லாம புகையுமா?”

புகை இருந்தது. லட்சுமிகாந்தன் மேல் இவர்களுக்குக் கோபம் இருந்தது. கவர்னருக்குக் கொடுத்த மனுவே அதற்கு எழுத்து மூலமான ஆதாரம். கொலைக்கு ஒரு காரணம் இருந்தது என்று காட்ட அரசுத் தரப்புக்குச் சிரமமே இல்லை. ஆனால் அதே காரணம் கோடம்பாக்கத்திலும் கோயம்புத்தூரிலும் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! வாரா வாரம் ஒருவர் மானத்தை வாங்கிய பத்திரிகை அது. கோபம் இருந்ததால் கொன்றான் என்று தீர்ப்பெழுத முடிந்தால், நம் ஊர் வரப்புத் தகராறுகளில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டும்.

சதிக்கு முக்கியமான சாட்சி ஓர் அப்ரூவர். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரே, ‘நானும் அதில் இருந்தேன், மற்றவர்களைப் பற்றியும் சொல்கிறேன்’ என்று அரசுத் தரப்புக்கு மாறுவது அது. பதிலுக்கு அவருக்கு மன்னிப்பு. சாட்சியச் சட்டம் அப்ரூவர் சாட்சியத்தைப் பற்றி இரண்டு இடத்தில் பேசியது. 133-ஆம் பிரிவு, அந்தச் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்டவிரோதம் ஆகாது என்றது. 114-ஆம் பிரிவின் விளக்கமோ, முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் அவர் நம்பத்தகாதவர் என்று கருதலாம் என்றது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு எதிரியையும் (கோர்ட் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றத்தோடு பிணைக்க அப்ரூவர் வாய்ச்சொல்லுக்கு வெளியே ஏதாவது வேண்டும் என்பது நீதிமன்றங்கள் காலங்காலமாகக் கடைப்பிடித்த எச்சரிக்கை. தன் தலை தப்பினால் போதும் என்று இருக்கும் மனிதர், குற்றத்தின் விவரம் முழுவதையும் உண்மையாகச் சொல்லிவிட்டு, ஆளை மட்டும் மாற்றிச் சொல்ல முடியும். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

“ஜூரின்னா என்ன? ஒன்பது பேர் உட்கார்ந்து கேட்டு குற்றவாளின்னு சொன்னா அது சரியாத்தானே இருக்கும்?”

அப்போது சென்னை நகரத்தில் நடக்கும் பெரிய குற்ற வழக்குகளை உயர்நீதிமன்றமே நேரடியாக விசாரித்தது. ஊரில் இருந்து ஒன்பது பேரை எடுத்து ஜூரியாக உட்கார வைப்பார்கள். நீதிபதி சட்டத்தை விளக்குவார். குற்றவாளியா இல்லையா என்று சொல்வது ஜூரி. ஒன்பது பேரும் ஒரே கருத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆறு பேர் ஒன்றாகச் சொல்லி, நீதிபதியும் ஒத்துக்கொண்டால் போதும்.

இந்த வழக்கில் அப்படித்தான் நடந்தது. ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். நீதிபதி மாக்கெட் பெரும்பான்மையை ஏற்றுத் தண்டனை விதித்தார். ஆகவே ‘ஒன்பது பேர் சொன்னார்கள்’ என்பது தவறு. அதே சாட்சியத்தைக் கேட்ட மூன்று பேருக்கு அது போதவில்லை.

இன்னொன்று. ஜூரி ஏன் அந்த முடிவுக்கு வந்தது என்று எழுத வேண்டியதில்லை. காரணமே இல்லாத தீர்ப்பு அது. அப்ரூவரை நம்பினார்களா, சினிமாக்காரர்கள் மேல் இருந்த எரிச்சலா, எந்தச் சாட்சி அவர்களை அசைத்தது, யாருக்கும் தெரியாது. நீதிபதி எழுதும் தீர்ப்பில் காரணம் தப்பாக இருந்தால் ‘இந்தப் பத்தி தப்பு’ என்று விரல் வைத்துக் காட்டலாம். ஜூரியிடம் அதற்கு வழியில்லை. 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

“ஸ்ரீராமுலு நாயுடு மட்டும் எப்படித் தப்பிச்சார்? மூணு பேரும் சேர்ந்துதானே செஞ்சாங்கன்னு வழக்கு?”

சதி வழக்காக இருந்தாலும் ஒவ்வொரு எதிரிக்கும் எதிரான சாட்சியத்தைத் தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும். நாயுடுவுக்கு எதிரானது போதாது என்று ஜூரி சொன்னது. ‘அவர் விலைக்கு வாங்கினார்’ என்று ஒரு பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து நம் ஊர் வரை ஓடுகிறது. ஆதாரம் என்று எதையும் யாரும் காட்டியதில்லை.

“தீவாந்தரம்னா அந்தமான்தானே? பாகவதர் அந்தமான்ல கல் உடைச்சார்னு எங்க பாட்டி சொல்வாங்க.”

இல்லை. தண்டனைக்குப் பெயர் தீவாந்தரம், அவ்வளவே. 1942-இலேயே அந்தமானை ஜப்பான்காரர்கள் பிடித்துவிட்டார்கள். 1945 மே மாதம் தண்டனை சொன்னபோதும் தீவு அவர்கள் கையில்தான் இருந்தது. கைதியை அங்கே அனுப்ப வழியே இல்லை. இருவரும் இங்கேயே சிறையில் இருந்தார்கள்.

எத்தனை காலம் என்பதிலும் ஒரு கணக்கு வழக்கமாகிவிட்டது: முப்பது மாதம் என்பார்கள். கைதானது 1944 டிசம்பர் கடைசி, விடுதலை 1947 ஏப்ரல் கடைசி. கூட்டிப் பார்த்தால் 28 மாதம்தான் வரும். அந்த 28 மாதமே ஒரு மனிதரை உடைக்கப் போதும்.

“லண்டன் கோர்ட்டுதான் விடுதலை பண்ணிச்சு, இல்லையா?”

பாதி சரி. அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசிப் படி பிரிவி கவுன்சில். அது பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றமற்றவர்கள் என்று சொல்லவில்லை. அப்பீலை மறுபடி கேட்டு முடிவு செய்யச் சொல்லி சென்னைக்குத் திருப்பி அனுப்பியது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஹேப்பல், ஷஹாபுதீன் இருவரும் கேட்டார்கள். பெயர்பெற்ற வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ் வாதாடினார். சென்னையில் பெண்களுக்காக ஒரு கல்லூரி அவர் பெயரில் இருக்கிறதே, அதை நிறுவியவர் இவர்தான். தண்டனைக்கு ஆதாரமாக இருந்த சாட்சியம் நம்பத்தக்கது இல்லை என்று 1947 ஏப்ரல் 25-ஆம் தேதி இருவரையும் விடுதலை செய்தார்கள்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயர்நீதிமன்றம் நேரடியாக ஜூரி வைத்து விசாரித்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர் அப்பீல் செய்ய 1943 வரை சரியான வழியே கிடையாது. அந்த ஆண்டுதான் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கொலை நடந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இதே வழக்கு மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால், ஆறுக்கு மூன்று என்ற அந்த ஜூரி முடிவோடு கதை முடிந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

“சுதந்திரம் வந்த சந்தோஷத்துல மன்னிச்சு விட்டாங்கன்னு எங்க தாத்தா சொல்வார்.”

விடுதலை ஏப்ரலில். சுதந்திரம் ஆகஸ்டில். தேதியே பதில்.

மன்னிப்பு என்பது குற்றம் செய்தவருக்குத் தண்டனையை நீக்குவது. அதை அரசாங்கம் கொடுக்கும். இங்கே நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. பாகவதர் மன்னிக்கப்பட்டவர் அல்ல. சுதந்திரம் கிடைத்தபோது பல கைதிகளை விட்டார்கள், அது வேறு. இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்ததால் ஊர்ப் பேச்சில் ஒன்றாகிவிட்டது.

“சரி, சந்தேகத்தின் பலன்லதானே வெளிய வந்தார்? குற்றமே செய்யலைன்னு கோர்ட் சொல்லலையே?”

இந்தக் கேள்வியை வக்கீல்கள்கூடக் கேட்கிறார்கள். எந்த குற்றவியல் நீதிமன்றமும் ‘இவர் குற்றமே செய்யாதவர்’ என்று சான்றிதழ் எழுதிக் கொடுக்க உட்காரவில்லை. நிரூபிக்கப்பட்டதா, இல்லையா என்பதுதான் அதன் முன் இருக்கும் ஒரே கேள்வி. நிரூபிக்கப்படவில்லை என்றால், வழக்கு வருவதற்கு முன் அந்த மனிதர் எந்த நிலையில் இருந்தாரோ அதே நிலைக்குத் திரும்புகிறார். நீங்களும் நானும் இருக்கிற அதே நிலை. ‘முழு விடுதலை’, ‘அரை விடுதலை’ என்று சட்டத்தில் இரண்டு ரகம் இல்லை. ஊர்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.

“திவான் பகதூர் பட்டம் வேணாம்னு சொன்னதால வெள்ளைக்காரன் பழிவாங்கிட்டான்னு சொல்றாங்களே?”

பாகவதர் மேல் பிரியம் உள்ளவர்கள் சொல்லும் கதை இது. எனக்கும் அவர் மேல் பிரியம் உண்டு. ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. பழிவாங்க நினைத்த அரசாங்கம் நாயுடுவையும் கிருஷ்ணனையும் ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும்? விடுதலை செய்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் ஆங்கிலேயர். வழக்கைத் திருப்பி அனுப்பியது லண்டன். எல்லாக் கதவையும் திறந்துவிட்டுப் பழிவாங்குவதா? பட்டத்தை மறுத்தார் என்பது உண்மையாகவே இருந்தாலும், கைதுக்கு அதுதான் காரணம் என்று காட்ட ஒரு கடிதம்கூட யாரிடமும் இல்லை.

நமக்குப் பிடித்த ஒருவர் தண்டிக்கப்பட்டால் யாரோ திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நினைப்பது மனதுக்கு ஆறுதல். நடந்தது இன்னும் சாதாரணமானது, அதனாலேயே இன்னும் பயங்கரமானது. அவசரமான விசாரணை, ஓர் அப்ரூவர், காரணம் எழுதத் தேவையில்லாத ஜூரி. இதற்குப் பகை வேண்டியதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம்.

“உண்மையான காரணம் போட் மெயில் கொலைன்னு ஒருத்தர் சொன்னார். அது என்னண்ணே?”

தனுஷ்கோடி வரை போன போட் மெயில் ரயிலில் ஒரு செல்வந்தர் கொலையானார் என்றும், அதன் பின்னணியை லட்சுமிகாந்தன் எழுதத் துணிந்ததால் சம்பந்தப்பட்டவர்கள் அவரைத் தீர்த்தார்கள் என்றும் ஒரு பேச்சு. இது பாகவதரைக் காப்பாற்றும் பேச்சு என்பதால் நம் பக்கம் ருசியாகச் சொல்கிறார்கள். எந்த நீதிமன்றத்திலும் இது நிரூபிக்கப்படவில்லை. பாகவதர் விஷயத்தில் ஆதாரம் கேட்கும் நாம், இதற்கும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். பாகவதர் செய்யவில்லை என்பதற்கு வேறு யாரோ செய்தார்கள் என்று பெயர் சொல்லியாக வேண்டிய அவசியமும் இல்லை.

“அந்த லட்சுமிகாந்தன் போனதே நல்லதுதானே? அவனுக்காக யார் அழுதா?”

இந்தக் கேள்விக்கு நான் ஒவ்வொரு முறையும் கோபப்பட்டிருக்கிறேன். அவர் எழுதியது அசிங்கம், மேலே சொல்லிவிட்டேன். அதற்கு அவதூறு வழக்கு இருக்கிறது, மிரட்டிப் பணம் பறித்தால் அதற்கும் பிரிவு இருக்கிறது. கத்தி அதற்கான பிரிவு இல்லை.

பாகவதர் கதை சொல்லும்போது எல்லோரும் 28 மாதச் சிறையைப் பற்றி உருகுகிறார்கள். ஒரு மனிதர் வயிற்றில் குத்துப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார் என்பது அந்தக் கதையில் ஒரு வரி. அவரைக் கொல்ல ஏற்பாடு செய்தது யார் என்பதற்கு நிலைத்து நிற்கும் விடை இன்றுவரை இல்லை. தப்பான ஆட்கள் மேல் வழக்கை நிறுத்தினால் இரண்டு அநியாயம் நடக்கிறது: தண்டனை பெற்றவருக்கு ஒன்று, செத்தவருக்கு ஒன்று. இரண்டாவதை நாம் கணக்கிலேயே வைப்பதில்லை.

“மூணு தீபாவளி ஓடின படம் கொடுத்தவர். ஜெயிலுக்குப் போனதாலதான் அழிஞ்சார், இல்லையா? கடைசியில நோய்ல கஷ்டப்பட்டது செஞ்ச பாவம்தான்னும் சிலர் சொல்றாங்க.”

‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்தது. கொலை நடந்தது அதற்குச் சில வாரம் கழித்து. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் 1945, 1946 தீபாவளிகளையும் பார்த்தது என்பார்கள். அந்த இரண்டு தீபாவளியும் பாகவதர் சிறையில். கொலைகாரன் என்று தீர்ப்பான மனிதரின் பாட்டைக் கேட்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஜனங்கள் கைவிட்டார்கள் என்ற பேச்சு இதோடு ஒட்டவில்லை.

வெளியே வந்த பிறகு அவர் படங்கள் எடுபடவில்லை என்பது உண்மை. ஆனால் கிருஷ்ணனைப் பாருங்கள். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை. அவர் வெளியே வந்து நடித்தார், படம் இயக்கினார், 1957-இல் இறக்கும்வரை மக்கள் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். சிறை மட்டும் காரணம் என்றால் இருவருக்கும் ஒன்றாக நடந்திருக்க வேண்டும். 1940-களின் கடைசியில் தமிழ் சினிமாவே மாறியது. பாட்டு குறைந்து வசனம் ஏறியது, நடிக்கிறவரே பாட வேண்டும் என்ற கட்டாயம் போனது. பாகவதரின் பலமே பாட்டு. மிக மோசமான நேரத்தில் அவர் திரைக்கு வெளியே இருந்தார், திரும்பி வந்தபோது திரை வேறாக இருந்தது. அந்த இடைவெளியைக் கொடுத்தது வழக்கு என்ற அளவில் குற்றம் வழக்கின் மேல் உண்டு.

நோயைப் பற்றி: அவர் 1959 நவம்பர் 1-ஆம் தேதி, ஐம்பது வயதுகூட ஆகாத நிலையில் இறந்தார். நோயைப் பாவத்தின் சம்பளம் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: உங்கள் வீட்டில் ஒருவர் படுத்தால் அதைச் சொல்வீர்களா?

“காசு இருந்தது, லண்டன் வரைக்கும் போனார். கூலிக்காரன் ஒருத்தன் மாட்டியிருந்தா?”

மாட்டியிருந்தால் தண்டனையை முழுதாக அனுபவித்திருப்பான். இதற்கு மறுப்பே இல்லை. பிரிவி கவுன்சிலுக்குப் போவது என்றால் அங்கே தனி வழக்கறிஞர், இங்கே தனி வழக்கறிஞர், ஆவணம் முழுவதும் அச்சடிக்க வேண்டும். பாகவதரின் சொத்து அதில் கரைந்தது. கிருஷ்ணனுக்காக மதுரம் அலைந்த அலைச்சலைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் இதிலிருந்து ‘அதனால் அவர் விடுதலை பொய்’ என்று முடிவு கட்டுகிறார்கள். அது தப்பு. பணம் இல்லாதவனுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து வர வேண்டிய முடிவு. இன்று இலவச சட்ட உதவி மையம் மாவட்ட நீதிமன்றத்திலும் தாலுகா நீதிமன்றத்திலும் இருக்கிறது. அப்பீலுக்கும் அதை நாடலாம் என்பது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. என் வேலைக் காலத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

“கோர்ட் விடுதலை பண்ணிட்டா அதை ஏத்துக்கணும்ங்கறீங்க. அப்ப வெண்மணி வழக்குல மிராசுதாரர்களை விடுதலை பண்ணினதையும் ஏத்துக்கறீங்களா?”

நாகப்பட்டினத்தில் ஒரு தம்பி இதைக் கேட்டார். தஞ்சை மண்ணில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தெரியாதவர்களுக்கு: 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த தலித் மக்கள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது.

தீர்ப்பை ஏற்பது என்பது இரண்டு விதம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவர்களை அரசாங்கம் உள்ளே வைக்க முடியாது. அது சட்டம், அதை ஏற்கத்தான் வேண்டும். தீர்ப்புக்குச் சொன்ன காரணத்தை ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெண்மணி தீர்ப்பில் ஒரு காரணம், பெரிய நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது. ஒருவர் அந்தஸ்தைப் பார்த்து அவர் செய்திருக்க மாட்டார் என்று சொல்வது அது. பாகவதர் வழக்கில் இருவர் விடுதலையானது அவர்கள் புகழுக்காக அல்ல. சாட்சியம் தாங்கவில்லை என்பதற்காக. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெண்மணியில் இன்னொரு வேறுபாடும் உண்டு. 44 பேர் எரிந்ததைப் பார்த்தவர்கள், தப்பி வந்தவர்கள், அந்தச் சேரியிலேயே இருந்தார்கள். பெயர் சொன்னார்கள். அவர்கள் சொல்லை எடுபடாது என்று தள்ளினார்கள். பாகவதர் வழக்கில் ஆரம்பத்தில் எடுபட்டது, தன் தலையைக் காப்பாற்றிக்கொண்ட ஒருவர் சொல். ஆகவே ‘விடுதலை’ என்ற முடிவை மட்டும் பார்க்காமல், எதை நம்பினார்கள், எதைத் தள்ளினார்கள், ஏன் என்று தீர்ப்பைத் திறந்து படியுங்கள் என்றுதான் அந்தத் தம்பியிடமும் சொன்னேன்.

“எல்லாம் சரி சார். நீங்க மனசுக்குள்ள என்ன நம்பறீங்க? அவர் செஞ்சாரா, இல்லையா?”

செய்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று நம்புகிறேன். அவர் பாட்டுக்காக இல்லை. அப்ரூவர் சொல்லை எடுத்துவிட்டால் கோபம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. கோபத்தைப் பற்றி ஐந்தாவது கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

என்னை நெருடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாம் எப்போதும் பாகவதர், கிருஷ்ணன் என்று இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த வழக்கில் பெயர் தெரியாத சாதாரண ஆட்களும் கூண்டில் நின்றார்கள், தண்டனை பெற்றார்கள். அதே அப்ரூவர் அவர்களைப் பற்றியும் சொன்னார். அவர்களுக்காக யாரும் இப்படி ஒரு பக்கம் எழுதப்போவதில்லை.

“இதே வழக்கு இன்னைக்கு நடந்தா எப்படிப் போகும்?”

ஜூரி கிடையாது. சென்னையில் நடந்த கொலையையும் செஷன்ஸ் நீதிமன்றம்தான் விசாரிக்கும். நீதிபதி ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுத வேண்டும். தீவாந்தர தண்டனை 1955-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு போய் ஆயுள் தண்டனை ஆகிவிட்டது. உயர்நீதிமன்றத்துக்கு அப்பீல் என்பது உரிமை. சாட்சியம் முழுவதையும் அது புதிதாக எடை போடலாம். அப்ரூவர் இன்றும் உண்டு. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 138-ஆம் பிரிவு, வேறு ஆதாரம் துணை நிற்கும் அப்ரூவர் சாட்சியத்தைப் பற்றித்தான் பேசுகிறது. மேலே சொன்ன பழைய 133-இல், துணை ஆதாரம் இல்லாவிட்டாலும் சட்டவிரோதம் ஆகாது என்று இருந்த வாசகம் மாறியிருக்கிறது.

பத்திரிகைகளும் டிவிக்காரர்களும் விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்புச் சொல்வது மட்டும் 1944-ஐவிட அதிகமாகியிருக்கிறது. அதற்கு இன்னும் பிரிவு எழுதவில்லை.